கொசுவலையா, சுவர்ல மருந்தா: மாத்திரை கேக்காம போற மலேரியாவ வச்சுப் பாத்தா

மலேரியா இருக்கிற இடத்துல சின்னப் பிள்ளைய வச்சிருந்தா இந்தக் கேள்வி வரும், கொசு மருந்து ஏத்தின வலை கட்டுறதா இல்ல வீட்டுக்குள்ள சுவர்ல மருந்து அடிக்க விடுறதா. நாங்க வலைன்னு முடிவு பண்ணோம், அதனால கொஞ்சம் சாஞ்சுதான் எழுதுவேன், இப்பவே சொல்லிடுறேன். கொசு குறையுமான்னு கேட்டா ரெண்டுலயும் குறையும், அதுல பேச ஒன்னுமில்ல. நான் பாத்தது வேற: நாளைக்குப் பிள்ளைக்கு மலேரியா காய்ச்சல் வந்து மாத்திரை குடுத்தா அது கேக்கணும்ல?

இதுல கொசுவுக்கு என்ன வேலைன்னு தோணும். கடி குறைஞ்சா காய்ச்சல் குறையும், மாத்திரை குறையும், மருந்துக்குத் தப்பிக்கிற கிருமி பெருகுற வாய்ப்பும் குறையும், இது எல்லாருக்கும் புரியும். புரியாம போற இடம் ஒன்னு இருக்கு. இப்ப குடுக்கிறது கூட்டு மருந்து, அதுல கிருமிய வேகமா கொல்ற ஆர்ட்டிமிசினின் பங்கு சில மணி நேரத்துல ரத்தத்துல இருந்து போயிடும், கூட இருக்கிற லூமிஃபான்ட்ரின் நாள் கணக்குல, பைப்பராகுயினா இருந்தா வாரக் கணக்குல, கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சுக்கிட்டே ஒட்டிக்கிட்டு இருக்கும். பிள்ளை குணமாகி ஓடி ஆடுற அந்த நேரத்துல இன்னொரு கொசு கடிச்சு புதுக் கிருமி உள்ள வந்துச்சுன்னா, மிச்சம் இருக்கிற மருந்துல சாதாரணக் கிருமி செத்துடும், கொஞ்சம் தாங்குற கிருமி மட்டும் பொழைச்சு வளரும். அதனால மாத்திரை முடிஞ்ச அடுத்த சில வாரம்தான் பிள்ளைய ரொம்ப பொத்திப் பாதுகாக்கணும்.

இந்த விஷயத்துல வலைக்குத்தான் என் ஓட்டு. சுவர் மருந்து எப்படின்னா கொசு பெரும்பாலும் கடிச்சுட்டு, வயிறு ரொம்பினதும் சுவர்ல போய் உக்காரும்போதுதான் மருந்து பட்டு சாகும், அதாவது கடி நடந்து முடிஞ்சாச்சு. ஆனா அத வேஸ்ட்னு சொல்ல முடியாது, கிருமி கொசு உடம்புல முத்தி அடுத்த ஆளுக்குப் பரவ பத்து நாளுக்கு மேல ஆகும், அதுக்குள்ள கொசு செத்துட்டா ஊருக்கே லாபம். ஆனா ஊர்ல கிட்டத்தட்ட எல்லா வீட்லயும் அடிச்சிருக்கணும். வலை அப்படி இல்ல, பக்கத்து வீட்டுக்காரர் என்ன பண்ணாலும் உள்ள படுத்திருக்கிற பிள்ளைக்கு வேலை செய்யும்.

சுவர் மருந்துக்கு ஒரு நிஜமான பிளஸ் இருக்கு. வலையில வர்றது பைரித்திராய்டுங்கிற வகை கொசு மருந்து, பல இடத்துல மலேரியா பரப்புற அனாபிலிஸ் கொசு அதுக்குப் பழகிப்போச்சு. சுவர்லன்னா பிரிமிஃபாஸ் மெத்தில், க்ளோத்தியானிடின்னு மாத்தி மாத்தி அடிக்கலாம். வலை வாங்குறவங்க க்ளோர்ஃபெனாபிர் சேர்ந்த ரெட்டை மருந்து வலை கிடைக்குதான்னு பாருங்க, சாதா பைரித்திராய்டு வலைய விட அதையே போடச் சொல்லி 2023ல உலக சுகாதார நிறுவனமே அழுத்திச் சொல்லிடுச்சு.

சரி, என்னை முடிவு பண்ண வச்சது இது எதுவுமே இல்ல. நிறுத்தினா என்ன ஆகும்ங்கிறதுதான்.

மலேரியா ஜாஸ்தி இருக்கிற இடத்துல அஞ்சு வயசுக்குக் கீழ இருக்கிற பிள்ளைங்களுக்கு எதிர்ப்பு சக்தி கம்மி, காய்ச்சல்ல விழுந்து மாத்திரை சாப்பிடுறது அவங்கதான். பெரிய பிள்ளைங்க உடம்புல கிருமி இருந்தும் காய்ச்சல் இல்லாம திரிவாங்க, மாத்திரை எடுக்க மாட்டாங்க, மருந்தையே பாக்காத கிருமி அவங்ககிட்ட நிறைய பொழைச்சு கிடக்கும், அது மருந்து கேக்கிற கிருமி. (அதுக்காக கொசு கடிக்கட்டும்னு விடச் சொல்லல.) இப்ப சில வருசம் சுவர்ல மருந்து அடிச்சு மலேரியாவ நல்லா அமுக்கிடுறாங்கன்னு வைங்க, அந்தக் காலத்துல வளர்ற பிள்ளைங்களுக்கு எதிர்ப்பு சக்தியே வராது. திடீர்னு பணம் நின்னு அடிக்கிறதும் நின்னா பெருசு சிறுசு எல்லாருக்கும் ஒரே சமயத்துல காய்ச்சல், எல்லாரும் மாத்திரை, மருந்தப் பாக்காத கிருமின்னு ஒன்னு மிஞ்சாது. மருந்த எதிர்க்கிற கிருமிக்கு இதவிட நல்ல காலம் வேற வேணுமா?

உகாண்டா வடக்குப் பக்கம் குலு, அபாக் உட்பட பத்து மாவட்டத்துல இப்படி அடிச்சு 2014ல நிறுத்தினாங்க, மலேரியா திரும்பி கிடுகிடுன்னு ஏறுச்சு. 2021ல அதே வடக்கு உகாண்டாவுல ஆர்ட்டிமிசினினுக்கு மெதுவா சாகிற கிருமி பரவுறதா ஆய்வு வந்துச்சு. ஸ்ப்ரே நின்னதுதான் காரணம்னு நான் அடிச்சு சொல்ல மாட்டேன், ருவாண்டாவுல கிருமியோட மரபணுல வேற வகை மாற்றம் தனியாவே வந்திருக்கு, 2020லயே தெரிஞ்சது. ஆனா நிறுத்தினதும் மாத்திரை செலவு ஏறுனது ஏறுனதுதானே.

வலை இப்படி ஒரே நாள்ல நிக்காது. மூணு வருசத்துக்குன்னு போட்டது அதுக்கு முன்னாடியே கிழியும், ஆனா ஒவ்வொரு வீட்லயும் ஒவ்வொரு நேரத்துல கிழியும், அதுவும் நம்ம கண்ணு முன்னாடி கிழியும், ஊசி நூல் எடுத்தா முடிஞ்சது. எங்க வலையில ஓட்டை விழுறது எப்பவும் கீழ் ஓரத்துலதான், தினமும் மெத்தைக்கு அடியில இழுத்துச் சொருகுற இடம். துவைச்சா மிதமான சோப்பு, நிழல்ல காயப்போடுறது, வெயில் பட்டா மருந்து வீரியம் போயிடும். ராத்திரி பிள்ளை கை வலையோட ஒட்டிக்கிடந்தா கொசு வெளிய இருந்தே கடிச்சிடும், அதனால வலை கொஞ்சம் அகலமா இருக்கணும்.

சாயங்காலம் வெளிய வச்சுக் கடிக்கிற கொசுவுக்கு ரெண்டுமே பெருசா பதில் இல்ல. ரெண்டையும் ஒன்னா வச்சு எனக்கு அனுபவம் கிடையாது, அப்படி இருந்தவங்க சொன்னா கேட்டுக்கிறேன். ஸ்ப்ரே டீம் வந்தா உள்ள விடுவேன், சாமான எல்லாம் வெளிய தூக்கி வச்சுக்கூடக் குடுப்பேன், ஆனா அன்னிக்கு ராத்திரியும் வலைய கட்டிடுவேன்.