பீன்யா நிலத்துக்கு உளவுப் படம்: எர்த்எக்ஸ்ப்ளோரர் எப்படி?

அமெரிக்க புவியியல் ஆய்வு மையத்தின் பழைய செயற்கைக்கோள் படங்கள் கிடைக்கும் எர்த்எக்ஸ்ப்ளோரர் தளத்துக்கு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். பெங்களூரில் சின்ன அளவில் ஃபேஸ் ஒன் ரிப்போர்ட் (நிலத்தின் பழைய கதையைத் தோண்டி, மாசு இருக்க வாய்ப்புண்டா என்று சொல்லும் அறிக்கை) போட்டுப் பிழைக்கிற என் போன்றவர்களுக்கு இது பெரிய வரம். மாசுபட்ட நிலங்களுக்கென மத்திய அரசு 2025இல் தனி விதிகள் கொண்டுவந்த பிறகு, பழைய பட்டறை நிலம் வாங்குகிறவர்கள் கொஞ்சம் உஷாராகத்தான் இருக்கிறார்கள். ஆனால் "டேட்டாவுக்குன்னு தனியா பில் போடாதீங்க சார்" என்பதும் அவர்கள்தான்.

கூகுள் எர்த் ப்ரோ இலவசம்தான். ஆனால் பெங்களூருக்கு அதில் தெளிவான படம் கிடைப்பது 2000ஐ ஒட்டித்தான். பீன்யா தொழிற்பேட்டை எழுந்ததோ 1970களில். அதற்கு முன் அங்கே வயல் இருந்ததா, ஏரி இருந்ததா, எந்தப் பள்ளத்தை எதைக் கொட்டி நிரப்பினார்கள்? இங்கேதான் எர்த்எக்ஸ்ப்ளோரர் கைகொடுக்கிறது. 1960 முதல் 1972 வரை கொரோனா உளவுச் செயற்கைக்கோள்கள் ஃபிலிமில் எடுத்த படங்கள் 1995இல் ரகசியம் நீங்கி வெளிவந்தன. பின்னால் வந்த ஹெக்சகன் உளவுச் செயற்கைக்கோள்களின் படங்கள் 1984 வரை போகின்றன. கொரோனாவின் கடைசித் தலைமுறைக் கேமராவில் 2 மீட்டர் அளவுள்ளதுகூடத் தெரியும். ஏரிக்கரை, கிணறு, மண்பாதை எல்லாம் கறுப்பு வெள்ளையில் கிடக்கும்.

கணக்கு தொடங்கக் காசில்லை. ஏற்கனவே ஸ்கேன் செய்த படம் இலவசம். செய்யாததற்கு ஒரு ஃபிரேமுக்கு 30 டாலர். பிறகு அது எல்லோருக்கும் இலவசமாகிவிடும். அரை மதிப்பெண் ஏன் போனது என்றால், படத்தில் அட்சரேகை, தீர்க்கரேகை எதுவும் பொருந்தியிருக்காது. ஓரங்கள் வேறு நெளிந்திருக்கும். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் உட்கார்ந்து ரயில் பாதை, ஏரிக்கரை, பழைய கோயில் என்று இடம் பிடித்து இன்றைய வரைபடத்தோடு தைக்க வேண்டும். கட்டடங்களை நம்பாதீர்கள், பாதிக்கு மேல் இன்று இல்லை.

அதன்மேல் கர்நாடக அரசின் திஷாங்க் செயலியில் சர்வே எண்ணைப் பார்த்துக்கொள்ளலாம். பாறை விவரத்துக்கு இந்திய புவியியல் ஆய்வு மையத்தின் பூகோஷ் தளம். இங்கே அடியில் நைஸ் என்ற கடினப் பாறை, தண்ணீர் வெடிப்புகள் வழியாகத்தான் ஓடும். எலக்ட்ரோபிளேட்டிங் (உலோக முலாம் பூசும்) பட்டறைகள் நிறைந்த பீன்யாவில் நிலத்தடி நீரில் குரோமியம் கண்டிருக்கிறார்கள் என்பதால் இதை விட முடியாது.

ஒரு தனியார் கம்பெனியிடம் 'தள வரலாற்று அறிக்கை' என்று காசு கொடுத்து வாங்கியும் பார்த்தேன். உள்ளே இதே இலவசப் படங்கள், மேலே பளபள அட்டை.

பட்டறையில் என்ன ரசாயனம் வைத்திருந்தார்கள் என்பது மட்டும் எந்த உளவுப் படத்திலும் வராது. அதற்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த அனுமதிக் கடிதம் வேண்டும். 10 ரூபாய் ஆர்டிஐ மனு, பதிலுக்கு 30 நாள் கெடு; ஆகவே வேலை கைக்கு வந்த அன்றே மனுவைப் போட்டுவிடுங்கள். அப்புறம் பக்கத்து கேட் வாட்ச்மேன். பீன்யாவில் அவர் தர்மபுரிக்காரராக இருக்க நல்ல வாய்ப்புண்டு. "அண்ணே, ஆசிட் டேங்க் எந்தப் பக்கம் இருந்துச்சு?" என்று கேட்டால் கையை நீட்டிக் காட்டுவார்.