இன்ஜின் பவரை ஏற்ற ஸ்டேஜ் 2 ரீமேப், பெரிய இன்ஜெக்டர் என்று கிளம்பியிருப்பவர்கள் கவனத்துக்கு

சென்னை ஓ.எம்.ஆர் பக்கம் ஒரு டியூனிங் கடையில் என் இசுசு வி-கிராஸ் 2.5 டீசல் பிக்கப் பட்ட பாட்டை எழுதுகிறேன். வண்டி மேல் ஒரு குறையும் இல்லை, எல்லாம் கடைக்காரர் கைங்கர்யம்.

டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் பெரிய இன்ஜெக்டர் நாலு, ஹை பிரஷர் பம்புக்கு ஓவர்ஹால், அதற்கேற்ற மேப் (எவ்வளவு டீசல், எப்போது என்று இன்ஜின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் ஃபைல், அதை மாற்றுவதுதான் ரீமேப்), எல்லாம் சேர்த்து 1,85,000 ரூபாய். கம்பெனி கொடுக்கும் 320 நியூட்டன் மீட்டர் டார்க் (இன்ஜினின் திருப்பு விசை) 430 ஆகிவிடும் என்று வாட்ஸ்அப்பில் எழுதியே கொடுத்தார்கள். வேலை முடிந்ததும் டைனோ ஷீட் (இன்ஜின் பவரை அளந்த கிராஃப்) ஒன்றும் வந்தது. அதை உற்றுப் பார்த்தால் ஆர்பிஎம் கோடு 6,500 வரை ஓடுகிறது! டீசல் பிக்கப் அங்கே எங்கே போகும், 4,500 பக்கமே அதற்கு மூச்சு முட்டிவிடும். ஏதோ பெட்ரோல் காரின் ஷீட்டில் என் வண்டி நம்பரை டைப் அடித்திருக்கிறார்கள். கேட்டதற்கு, "அது சாஃப்ட்வேர் ஸ்கேல் ப்ரோ, விடுங்க."

வெளியே எடுத்த அன்றைக்கே கரும்புகை. "டீசல்னா புகைதானே ப்ரோ கெத்து" என்றார்கள். கெத்தும் இல்லை ஒன்றும் இல்லை, சரியாக எரியாத டீசல். இருக்கிற காற்றுக்கு மேல் டீசலை ஊற்றினால் புகையோடு எக்ஸாஸ்ட் சூடும் ஏறும், அந்தச் சூடு பிஸ்டன் தலையையும் டர்போவையும் தின்றுவிடும். சூப்பர்சார்ஜர் வைத்த பெட்ரோல் பிக்கப் என்றால் கதை நேர் எதிர்: காற்று ஏறி, பெட்ரோல் போதாவிட்டால் நாக்கிங் (நேரம் தப்பி வெடிப்பது) அடித்து பிஸ்டன் போய்விடும், அதனால் அங்கே பம்பும் இன்ஜெக்டரும் முதலில், பூஸ்ட் (உள்ளே தள்ளும் காற்றழுத்தம்) அப்புறம்தான். எதுவானாலும் வண்டியை லோடில் ஓட்டி, ரெயில் பிரஷர் (இன்ஜெக்டருக்குப் போகும் டீசல் அழுத்தம்), பூஸ்ட், சூடு எல்லாவற்றையும் பதிவு எடுத்துப் பார்த்துத்தான் மேப்பைத் திருத்த வேண்டும். இவர்கள் ஸ்கேனர் மாட்டும் ஓபிடி போர்ட்டில் லேப்டாப்பை மாட்டி, எங்கேயோ வாங்கிய ஃபைலை ஏற்றிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

அப்புறம் ஒரு நாள் ஜி.எஸ்.டி ரோட்டில் லோடோடு போகும்போது, பரனூர் டோல் தாண்டியதும் செக் இன்ஜின் லைட் எரிந்து லிம்ப் மோடு (தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வண்டியே பவரைக் குறைத்துக்கொள்வது). கடைக்கு ஃபோன் போட்டால், "மட்டமான டீசல் அடிச்சிருப்பீங்க ப்ரோ."

சென்னை பாடி ஏரியாவில் டீசல் பம்ப் வேலை மட்டுமே பார்க்கும் ஒரு பெரியவரிடம் வண்டியைக் கட்டி இழுத்துப் போனேன். அவர் முதலில் ஸ்கேனரைத் தொடவே இல்லை. நாலு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் லைனையும் (மிச்ச டீசல் திரும்பும் குழாய்) கழற்றி, ஆளுக்கொரு சின்ன பாட்டிலில் விட்டு, வண்டியை ஐடிலில் ஓடவிட்டார். மூன்று பாட்டிலில் அடியில் கொஞ்சம்தான் சேர்ந்தது, மூன்றாவது சிலிண்டருடையது மட்டும் கழுத்து வரை நிறைந்துவிட்டது, அதாவது அந்த இன்ஜெக்டர் தேய்ந்து ஒழுகுகிறது. "தம்பி, இது புதுசு இல்ல. பழசுக்குப் பெயின்ட் அடிச்சிருக்கான்" என்று நகத்தால் சுரண்டினார், சில்வர் உரிந்து அடியில் துரு தெரிந்தது. பழைய சாமான் என்று சொல்லி அந்த விலைக்கு விற்றால் யார் கேட்கப் போகிறார்கள்? புதுப்பேட்டையில் தினமும் நடக்கிற வியாபாரம்தானே அது.

இன்னொன்றும் சொன்னார். இந்த மாதிரி காமன் ரெயில் இன்ஜெக்டர் ஒவ்வொன்றின் மேலும் அதன் அளவு வித்தியாசத்துக்கான கோட் நம்பர் இருக்கும், மாற்றும்போது அதை ஸ்கேனரில் ஈசியூவுக்கு (இன்ஜின் கம்ப்யூட்டர்) சொல்ல வேண்டும். பிறகு ஸ்கேனர் போட்டுப் பார்த்தால், உள்ளே இருந்தது என் வண்டியிலிருந்து கழற்றிய பழைய இன்ஜெக்டர்களின் கோட் நம்பர்! ஓவர்ஹால் செய்ததாகக் காசு வாங்கிய பம்பிலோ, போல்ட் மேல் கம்பெனி வைத்த பெயின்ட் கோடுகூடக் கலையவில்லை.

கடையில் என் பழைய இன்ஜெக்டரைத் திருப்பிக் கேட்டால் "ஸ்கிராப்ல போட்டாச்சு." ஒரிஜினல் ஃபைலைக் கேட்டால் "பேக்கப் எடுக்கல." எந்த டியூனரும் முதலில் செய்வதே அதைப் படித்துச் சேமிப்பதுதான். அந்த ஃபைலை உங்களுக்கும் ஒரு காப்பி தர மறுத்தால் சாவியைக் கொடுக்காதீர்கள். புது இன்ஜெக்டரை டப்பாவோடு உங்கள் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள், மேலே இருக்கும் கோட் நம்பரைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜி.எஸ்.டி பில் இதுவரை வரவில்லை, "பில் போட்டா 18 பர்சென்ட் ஏறும் ப்ரோ" என்று இழுக்கிறார்கள். ஜிபே ரசீது, வாட்ஸ்அப் சாட், பெரியவர் எழுதிக் கொடுத்த டெஸ்ட் ரிப்போர்ட், பாட்டில் வீடியோ எல்லாம் வைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன், பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. அதே கடையில் மாட்டியவர்கள் யாராவது இருந்தால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டுப் பதிவு செய்யுங்கள். வாட்ஸ்அப் சாட்டை மட்டும் அழித்துவிடாதீர்கள்.