ஹீமோகுளோபின் கட்டத்தில் எண்ணா, ‘உண்டு / இல்லை’யா?

கர்ப்பிணிகளின் ரத்தசோகை பற்றி ஆய்வு செய்யும் முதுநிலை மாணவர்கள் படிவத்தைக் காட்டும்போது நான் முதலில் பார்ப்பது ஹீமோகுளோபின் கட்டத்தைத்தான். சிலர் 9.4, 10.8 என்று அளந்ததை அப்படியே எழுதுவார்கள். அது தொடர் மாறி, அதாவது இடைவெளியில்லாமல் எந்த மதிப்பும் வரக்கூடிய அளவு. சிலர் ‘சோகை உண்டு’, ‘இல்லை’ என்று டிக் அடிக்கச் சொல்வார்கள். அது வகை மாறி, அதாவது ஆட்களைச் சில பிரிவுகளில் போடுவது. டிக் அடிப்பது சுலபம். ஆனால் என் ஓட்டு எண்ணுக்குத்தான்.

ஏன் என்று ஒரு கணக்கில் பார்ப்போம். டெசிலிட்டருக்கு 11 கிராமுக்குக் கீழே இருந்தால் சோகை என்று வைத்துக்கொள்வோம். ஒரு பெண் 8-இல் வருகிறார், இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டு 10.5-க்கு ஏறுகிறார். இன்னொருவர் 10.9-இலிருந்து 11.0-க்கு வருகிறார். எண் கட்டத்தில் முதலாமவருக்கு 2.5 கிராம் ஏற்றம், இரண்டாமவருக்கு 0.1. டிக் கட்டத்திலோ முதலாமவருக்கு மாற்றமே இல்லை, இரண்டாமவர் குணமாகிவிட்டார்! அந்த 0.1 கருவியின் தடுமாற்றமாகக்கூட இருக்கலாம். மாத்திரை வேலை செய்ததா என்ற கேள்விக்கு இந்தக் கட்டம் தலைகீழான பதிலைத் தருகிறது.

அப்புறம், எல்லைக்கோடும் நிலையானதல்ல. உலக சுகாதார நிறுவனம் கர்ப்பகாலம் முழுவதற்கும் 11 என்றுதான் வைத்திருந்தது. 2024-இல் இரண்டாவது மும்மாதத்துக்கு மட்டும் 10.5 என்று மாற்றியது. ஆறாம் மாதத்தில் 10.7 இருந்த பெண் பழைய கணக்கில் சோகை, புதிய கணக்கில் இல்லை. எண் கையில் இருந்தால் ஐந்து நிமிடத்தில் மறுபடி பிரித்துவிடலாம். டிக் மட்டும் இருந்தால் அந்தப் பெண்ணை எங்கே போய்த் தேடுவது? எண்ணிலிருந்து வகைக்கு எப்போது வேண்டுமானாலும் இறங்கலாம், வகையிலிருந்து எண்ணுக்கு ஏற முடியாது.

வகைக்கும் இடம் உண்டு. 7-க்குக் கீழே போனால் கடுமையான சோகை, உடனே கவனிக்க வேண்டும் என்று முடிவெடுக்கக் கோடு தேவை. தேசிய குடும்ப நல ஆய்வு (2019–21) இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்குச் சோகை என்று சொன்னபோது நிலைமை எல்லோருக்கும் புரிந்தது. சராசரி ஹீமோகுளோபினைச் சொல்லியிருந்தால் அந்த உறைப்பு இருந்திருக்காது. ஆகவே அறிக்கையில் வகை இருக்கட்டும், படிவத்தில் எண் இருக்கட்டும்.

எண்ணுக்கும் ‘உண்டு / இல்லை’க்கும் நடுவில் இருப்பது, லேசானது, மிதமானது, கடுமையானது என்று படிப்படியாக அடுக்கும் வரிசை மாறி. பழைய அளவுகோலில் லேசானதன் அகலம் 1 கிராம், மிதமானதன் அகலம் 3 கிராம். படிகள் சமமில்லை. இவற்றுக்கு 1, 2, 3 என்று எண் கொடுத்துச் சராசரி எடுத்தால் வருவது எதையும் குறிக்காத ஒரு எண். எத்தனை பேர் எந்தப் படியில் என்று எண்ணிச் சொன்னாலே போதும்.

சரி, எண்ணை வைத்துக்கொண்டாகிவிட்டது. சராசரியா, இடைநிலையா? பிரசவத்துக்குப் பின் ஏழு பேர் வார்டில் இருந்த நாட்கள் 2, 3, 3, 4, 4, 5, 35 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 8 நாள். ஆனால் ஆறு பேர் ஐந்து நாளுக்குள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். 8 நாள் இருந்தவர் ஒருவர்கூட இல்லை. வரிசையின் நடுவில் நிற்கும் இடைநிலை 4. ஹீமோகுளோபின் போல இருபுறமும் ஏறக்குறைய சமமாகப் பரவும் அளவுக்குச் சராசரியும், அதைச் சுற்றி எண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் திட்ட விலக்கமும் பொருந்தும். இப்படி ஒரு பக்கம் வால் நீண்டால் இடைநிலையைத்தான் எழுதச் சொல்வேன்.

அதற்காகச் சராசரியைத் தூக்கி எறிந்துவிடவும் வேண்டாம். “எத்தனை நாள் இருக்கணும்?” என்று கேட்கும் தாய்க்கு 4 என்பதே நேர்மையான பதில். இதே மாதிரி 100 பேர் வந்தால் எத்தனை படுக்கை நாட்கள் தேவை என்று கேட்கும் கண்காணிப்பாளருக்கு 800 என்று சொல்ல வேண்டும். இடைநிலையை வைத்து 400 என்று சொன்னால் பாதி நாட்களுக்குப் படுக்கை இருக்காது.