முதலுதவிப் பயிற்சி என்று யாராவது வந்தால், முதலில் பையைத் திறந்து பாருங்கள்

குன்னூர், கோத்தகிரி பக்கத்து எஸ்டேட்டுகளில் மரவேலை எடுத்துச் செய்கிறவன் நான். தேயிலைக்கு நடுவே நிற்கும் சில்வர் ஓக்கில் கிளை கழிப்பது, ரோட்டோரம் சாய்ந்த கற்பூர மரத்தையும் சீகை மரத்தையும் அறுப்பது, இதுதான் பிழைப்பு. என்னிடம் 14 பேர் வேலை செய்கிறார்கள்.

ஒரு எஸ்டேட் மேனேஜர், "முதலுதவி சர்டிபிகேட் இல்லாத ஆளை இனிமேல் மரத்தில் ஏற விட மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். நியாயமான பேச்சுதான். விசாரித்ததில் கீழேயிருந்து வந்து பயிற்சி கொடுக்கும் ஒரு நிறுவனத்தின் நம்பர் கிடைத்தது. மரவேலைக்கென்றே தனிப் பாடம், ஒரு நாள் முழுக்க, ஆளுக்கு ஒரு முதலுதவிப் பை, தலைக்கு 1,800 ரூபாய். மொத்தம் 25,200. முழுப் பணத்தையும் முன்கூட்டியே ஜிபேயில் வாங்கிக்கொண்டார்கள். அங்கேயே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

ஒன்பது மணி என்றவர்கள் பதினொன்றரைக்கு வந்தார்கள். வந்ததும் முதல் வேலையாக, கையெழுத்துப் போட்டு அச்சடித்த சர்டிபிகேட்டை எடுத்துக் கொடுத்தார்கள். பாடமே இன்னும் ஆரம்பிக்கவில்லை! அப்புறம் ஸ்லைடு ஓடியது. எல்லாம் ஆபீசுக்கும் ஃபேக்டரிக்கும் போட்டது: மயக்கம், தீயணைப்பான், கரண்ட் ஷாக். பாம்புக்கடிக்கு மட்டும் அரை மணி நேரம். கடிவாய்க்கு மேலே கயிற்றால் இறுக்கிக் கட்டி, பிளேடால் கீற வேண்டுமாம். ஆறாயிரம் அடி உயரத்தில் எங்களுக்குப் பயம் காட்டெருமை மேல்தான், அது வேறு கதை. ஆனால் பாம்பு கடித்தாலும் இறுக்கிக் கட்டவோ கீறவோ கூடாது, கடிபட்ட கையையோ காலையோ ஆடாமல் வைத்து உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பது எங்கள் ஊர் நர்ஸம்மா எல்லோருக்கும் சொல்கிற விஷயம்.

மரம் ஏறுகிற பையன் ஒருவன் எழுந்து, "சார், மரம் அறுக்குற மெஷின் தொடையில பட்டா என்ன பண்றது?" என்று கேட்டான்.

"108-க்கு போன் பண்ணுங்க."

"வேலை நடக்குற இடத்துல டவரே இருக்காதே சார்."

அவர் சிரித்துவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போனார். மேலே பெல்ட்டில் தொங்கியபடி மயங்கினவனை எப்படி இறக்குவது என்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இரண்டு மணிக்குப் பிரியாணியோடு பயிற்சி முடிந்தது.

பையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சிவப்புப் பை, மேலே வெள்ளைப் பிளஸ், பார்க்க ஜோராக இருந்தது. உள்ளே பத்து சின்ன பிளாஸ்திரி, பஞ்சு, ஒரு தெர்மாமீட்டர், எட்டு மாதம் முன்பே தேதி முடிந்துபோன களிம்பு. எங்கள் வேலைக்கு உதவும் பொருள் என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான்: ரத்தத்தை நிறுத்த முறுக்கிக் கட்டும் டூர்னிகெட்.

பயிற்சி முடிந்த ஐந்தாவது வாரம் மெஷின் எகிறி ஒருவனுக்கு இடது தொடையில் இறங்கியது. முழங்காலுக்கு ஒரு சாண் மேலே. பேண்ட் நிமிடத்தில் நனைந்துவிட்டது. டூர்னிகெட் பட்டையைக் காயத்துக்கு மேலே மாட்டி, அதிலிருக்கும் முறுக்குக் குச்சியை ஒரு சுற்று, இரண்டு சுற்று முறுக்கினேன். மூன்றாவது சுற்றில் டப்பென்று முறிந்தது. முறிந்த இடம் சாக்பீஸ் மாதிரி வெள்ளையாக இருந்தது. இப்போது நினைத்தாலும் கை நடுங்குகிறது.

காப்பாற்றியது கயிறு பிடிக்கிறவரின் துண்டு. மடித்துக் காயத்துக்குள் திணித்து, தன் முழங்காலை அதன்மேல் வைத்து முழு எடையையும் போட்டு அழுத்தினார். பிக்கப் வண்டியில் குன்னூர் லாலி ஆஸ்பத்திரி போய்ச்சேரும்வரை, 25 நிமிடம், அழுத்தத்தை எடுக்கவே இல்லை. பெரிய ரத்தக்குழாய் தப்பியது. தையல் 19. இரண்டு மாதமாகப் பையன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறான்.

அந்த நிறுவனத்துக்குப் போன் செய்தேன். "பை வேற சப்ளையர் சார், அதுக்கு நாங்க பொறுப்பு இல்லை" என்றார்கள். மறுநாள் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். என்னிடம் இருப்பது ஜிபே ரசீதும் ஒரு துண்டுச் சீட்டும்தான். நீங்களாவது ஜிஎஸ்டி பில்லை விடாமல் கேட்டு வாங்குங்கள்.

ஆஸ்பத்திரியில் விசாரித்துத்தான் சில விஷயம் புரிந்தது. அசல் டூர்னிகெட் இருநூறு முந்நூறுக்கு வராது, ஆன்லைனில் அந்த விலைக்குக் கிடைப்பது பெரும்பாலும் போலி. டூர்னிகெட்டைக் காயத்துக்கு மூன்று நான்கு விரல் மேலே, மூட்டின் மேல் படாமல் கட்டி, ரத்தம் நிற்கும்வரை முறுக்க வேண்டும். வலியில் கத்துவான், விடக்கூடாது. கட்டிய நேரத்தை எழுதிவிட்டு, டாக்டர் பார்க்கும்வரை தளர்த்தாமல் இருக்க வேண்டும். பழகிப் பார்க்கத் தனியாக ஒன்று வேண்டும், முறுக்கி முறுக்கிப் பழகியதை நம்பி மரத்துக்குப் போகக்கூடாது. இதோடு காயத்துக்குள் திணிக்க நீளத் துணிச்சுருள், அழுத்திக் கட்டும் பெரிய கட்டு, பேண்ட்டை வெட்டக் கத்தரி, ஒரு விசில். எல்லாம் அவனவன் இடுப்பிலேயே இருக்க வேண்டும். ஜீப்பில் கிடக்கும் பை மரத்தில் இருக்கிறவனுக்கு எதற்கு?

இப்போது வேறொருவர் பயிற்சி தருவதாகச் சொல்லியிருக்கிறார். பையை முன்னால் அனுப்புங்கள், என் தொடையிலேயே கட்டி முறுக்கிப் பார்த்துவிட்டுப் பணம் போடுகிறேன் என்றேன். இரண்டு நாளாகப் பதில் இல்லை.