ஃபுருனோ எஃப்சிவி-628 எக்கோ சவுண்டர்: செட் சூப்பர், ஆனா ஃபிட்டிங்ல கோட்ட விட்றாதீங்க

மீன்பிடி தடைக்காலத்துல போட்டக் கரையேத்தி வேலை பாக்கும்போது புதுசா எக்கோ சவுண்டர் (சத்தத்த தண்ணிக்குள்ள அனுப்பி ஆழத்தையும் மீனையும் காட்டுற மிஷின்) மாட்டணும்னு நெனைக்கிறவங்க இதப் படிச்சிட்டு மாட்டுங்க. எங்களது தூத்துக்குடி விசைப்படகு, மர போட். செட் ஃபுருனோ எஃப்சிவி-628, 1948-லயே மீன் பாக்குற மிஷின கொண்டுவந்த ஜப்பான் கம்பெனி. 5.7 இன்ச் கலர் ஸ்கிரீன், 50-ம் 200-ம் கிலோஹெர்ட்ஸ் ரெண்டும் இருக்கு, 12 வோல்ட் 24 வோல்ட் எதுலயும் ஓடும். பெரிய வீல்ஹவுஸுக்கு ஸ்கிரீன் கொஞ்சம் சின்னதுதான், மத்தபடி செட்டுல கொற சொல்ல ஒண்ணுமில்ல. 200-ல பாருக்கு (கடலடிப் பாறைக்கு) மேல நிக்கிற மீன் தரையோட ஒட்டாம தனியா தெரியுது, ஆழத்துக்குப் போனா 50-க்கு மாத்திக்கணும், அது அகலமா பாக்கும் ஆனா அவ்ளோ நுணுக்கம் இருக்காது.

ஆனா இதெல்லாம் ரெண்டாவது தடவ ஒழுங்கா மாட்டுனதுக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது. மொதல்ல மாட்டிக்குடுத்தவரு டிரான்ஸ்டியூசர (போட்டோட அடியில இருந்து சத்தத்த அனுப்பி எதிரொலிய வாங்குற பகுதி) புரொப்பல்லர் பக்கத்துல வச்சுட்டாரு, போட் நின்னா தரை பளிச்சுன்னு வருது, ஓட ஆரம்பிச்சா ஸ்கிரீன் பூரா மழ பெய்யுற மாதிரி புள்ளி. கெயின (சிக்னல எவ்ளோ பெருசாக்கணும்ங்கிற செட்டிங்) கொறச்சா புள்ளியும் போகுது கூடவே மீனும் போகுது.

அப்புறம் வந்த மெக்கானிக் அண்ணன் எடுத்த ஒடனே எதையும் கழட்டல, அதான் எனக்கு ரொம்ப பிடிச்சது. இன்ஜின ஆஃப் பண்ணி பேட்டரில மட்டும் செட்ட போட்டாரு, கிளீனா இருந்துச்சு. நியூட்ரல்ல வச்சு ரேஸ் பண்ணாரு, ஆர்பிஎம் ஏற ஏற கோடு கோடா வந்துச்சு, டிரான்ஸ்டியூசர் பிளக்க உருவியும் கோடு போகல, அப்ப அது தண்ணிலருந்து வரல, பேட்டரிய சார்ஜ் பண்ற ஆல்டர்னேட்டர்லருந்து பவர் வயர் வழியா வருதுன்னு காட்டுனாரு. கியர் போட்டு ஓடும்போது மட்டும் வர்ற புள்ளி வேற கேஸு, அது புரொப்பல்லர் கிளப்புற குமிழி.

பவருக்கு லைட்டும் இன்வெர்ட்டரும் இருக்குற போர்டுல இருந்து எடுக்காம பேட்டரிலருந்தே ஃபியூஸ் போட்டு தனி வயர் இழுத்தாரு. டிரான்ஸ்டியூசர் கேபிள விஎச்எஃப் ரேடியோ ஆன்டெனா கேபிளோடயும் பவர் வயரோடயும் சேத்து கட்டக்கூடாது, நீளமா இருக்குன்னு வெட்டவும் கூடாது, மிச்சத்த சுத்தி வைக்கணும்.

டிரான்ஸ்டியூசர் எடத்த மாத்துனதுதான் பெரிய வேலை. அணியத்துலருந்து (போட்டோட முன்முனைலருந்து) மூணுல ஒரு பங்குக்கும் பாதிக்கும் நடுவுல, ஏராவுக்கு (அடியில நீளமா ஓடுற நடுக்கட்டைக்கு) கொஞ்சம் தள்ளி, அதுக்கு முன்னாடி தண்ணி இழுக்குற வெளிய விடுற ஓட்ட எதுவும் இல்லாத எடமா பாத்து வச்சாரு. மர போட்டுக்கு பிளாஸ்டிக் ஹவுசிங் வேண்டவே வேண்டாம், பலக ஊறி உப்புனா அது விரிசல் விட்டுரும், வெண்கலம்தான் போடணும். அடிப்பலக சரிவா இருக்குறதால ஃபேரிங் பிளாக் (சரிவ ஈடுகட்டுற கட்டை) செஞ்சு மூஞ்சி நேரா கீழ பாக்குற மாதிரி ஒக்கார வச்சாரு, பிளாக்கோட முன்பக்கத்த வழவழன்னு எழச்சிருந்தாரு, இல்லன்னா அதுவே குமிழி கிளப்பும்.

இப்ப ஓட்டத்துலயும் தரை அறுபடாம வருது. பக்கத்து போட்டும் அதே ஃபிரீக்வன்சில ஓட்டுனா சாஞ்ச கோடு விழும், அதுக்கு மெனுவுல இன்டர்ஃபியரன்ஸ் ரிஜெக்டர் இருக்கு, பக்கத்துல போட் இல்லன்னா அத ஆஃப்ல வைங்க, சின்ன மீனையும் சேத்து அழிச்சிரும்.

பெயிண்ட் அடிக்க வர்ற பசங்ககிட்டயும் முன்னாடியே சொல்லிருங்க, செம்பு கலந்த அடி பெயிண்ட் டிரான்ஸ்டியூசர் மூஞ்சில படக்கூடாது, கொட்டலசு (போட் அடியில ஒட்டி வளர்ற ஓடு உள்ள சின்ன உயிரி) ஒட்டியிருந்தா கத்தி வச்சு சுரண்டாம மெதுவா எடுக்கச் சொல்லுங்க.