ஊதாக் கலர் எச்செவேரியா வாங்கப் போறவங்க இத படிச்சிட்டு வாங்குங்க

சொல்ல வெக்கமாத்தான் இருக்கு, இருந்தாலும் இன்னொருத்தர் காசு போகக்கூடாதுன்னு எழுதுறேன். போன மாசம் ராத்திரி 11 மணிக்கு மேல செடி விக்கிற லைவ் ஒண்ணு பாத்துட்டு இருந்தேன் (தூக்கம் வரலன்னா நமக்கு இதான வேல). கேமரன் மலையில வளந்தது, ஒரிஜினல் பெர்ல் வான் நியூர்ன்பெர்க்னு (எச்செவேரியாங்கிற தடிச்ச இலைச் செடில ஒரு ரகம்) சொல்லி ஒரு செடிய சுத்தி சுத்தி காட்டுனாங்க, ரோஜா மாதிரி அடுக்கு, நல்ல கத்திரிப்பூ கலரு, 45 வெள்ளி (மலேசிய ரிங்கிட்), போஸ்டேஜ் 8 வெள்ளி, இன்னும் ரெண்டே ரெண்டுதான் இருக்குன்னதும் யோசிக்காம இ-வாலட்ல தள்ளிட்டேன்.

பார்சல் பிரிச்சதும் அம்மா பாத்துட்டு "என்னடி இது, கோலத்துக்கு வாங்குற கலர் மாவு மாதிரி இருக்கு"ன்னாங்க. உங்களுக்கு ஒண்ணும் தெரியாதும்மான்னு அடக்கிட்டேன்.

மூணாவது நாள் ராத்திரி பால்கனில நல்ல சாரல், நாங்க பினாங்கு ஜெலுத்தோங்ல ஒன்பதாவது மாடி. காலைல பாத்தா பூச்சாடிக்கு கீழ இருக்கிற தட்டுல ஊதாத் தண்ணி. காட்டன் பட் எடுத்து ஒரு இலய தொடச்சேன், கலரெல்லாம் பஞ்சுல ஏறிடுச்சு, அடியில வெளிறின பச்சை. நடுவுல அப்பதான் விரிஞ்ச குருத்து நாலும் சுத்தப் பச்சை. பெயிண்ட் அடிக்கும்போது அதுங்க பொறக்கவே இல்லையே.

ஒண்ணு சொல்லிடுறேன், இந்தச் செடி இலையில இயல்பாவே வெள்ளப் பவுடர் இருக்கும், தொட்டா கையில ஒட்டும், அத பெயிண்ட்னு நெனச்சு யார்கிட்டயும் சண்டைக்குப் போயிடாதீங்க. அது வெயில்லேர்ந்து இலய காப்பாத்துற மெழுகு, தேச்சுட்டா அந்த இலையில மறுபடி வராது. கலர் மங்குறதும் ஏமாத்து இல்ல. 1930கள்ல ஜெர்மனில ரெண்டு எச்செவேரியாவ கலந்து எடுத்த ஹைப்ரிட் இது, ஆனா அப்பன் ஆத்தா ஊரு மெக்சிகோ. நல்ல வெளிச்சமும் ராத்திரில குளிரும் இருந்தாத்தான் ஊதா ஏறும். பினாங்குல விடியக்காலைல கூட 24, 25 டிகிரி, ஒரிஜினலே வாங்கி வச்சாலும் போகப் போக சாம்பல் பச்சையாயிடும், வெளிச்சம் பத்தலன்னா அடுக்கு கலைஞ்சு நீண்டுக்கும். ஆனா அது மெதுவா மங்கும், தட்டுல வழியாது.

கூத்து இதோட முடியல. மேல பரப்பியிருந்த வெள்ளக் கல்ல எடுக்கலாம்னு தூக்குனா அப்பளம் மாதிரி ஒரே வட்டமா வந்துச்சு, கம் போட்டு ஒட்டியிருக்காங்க! அதுக்குக் கீழ தண்ணிய புடிச்சு வச்சுக்கிற கறுப்பு பீட் மண்ணு, காய வழியில்லாம நாறிக்கிட்டு இருக்கு, தண்டோட அடி கொழகொழன்னு பழுப்பு. நான் ஒரு சொட்டு தண்ணி ஊத்தல.

போட்டோ எல்லாம் வாட்சப்ல அனுப்புனேன். "தண்ணி ஜாஸ்தி ஊத்திட்டீங்க டியர்"னு பதில் வந்துச்சு, கலரப் பத்தி கேட்டேன், ப்ளூ டிக் விழுந்துச்சு, பத்து நிமிசத்துல ப்ளாக். பயனீட்டாளர் டிரிபியூனல்ல (வாங்குறவங்க புகார விசாரிக்கிற எடம்) கேஸ் போடு, 5 வெள்ளிதான் கட்டணம்னு அண்ணன் சொன்னாரு, சரிதான், ஆனா யார் மேல போடுறது? பேரு தெரியாது, அட்ரஸ் தெரியாது, இருக்கிறது ஒரு இ-வாலட் நம்பர் மட்டும். ஷாப்பிங் ஆப் வழியா வாங்கியிருந்தா "பொருள் கிடைச்சிடுச்சு"ன்னு அமுக்காம பணத்த நிறுத்தியாவது வச்சிருக்கலாம்.

லைவ்ல வாங்கியே ஆகணும்னா நடுக்குருத்த கேமரா கிட்ட கொண்டுவர சொல்லுங்க, கீழ் இலய தூக்கி காட்டச் சொல்லுங்க, கல்ல விரலால கிளறச் சொல்லுங்க. கிளற மாட்டேன்னா புரிஞ்சிக்கோங்க.

என் செடிக்கு அழுகுன தண்ட சுத்தமான சதை தெரியிற வரைக்கும் கத்தியால வெட்டி, நாலஞ்சு நாள் நிழல்ல காய வச்சு, பாதிக்கு மேல பியூமிஸ் (ஓட்டை ஓட்டையான எரிமலைக் கல்லு) கலந்த மண்ணு மேல சும்மா உக்கார வச்சிருக்கேன். வேர் இன்னும் வரல. நேத்து தங்கச்சி போன்ல அந்த லைவ் பாத்தேன், இப்ப நீலக் கலர் வந்திருக்காம், 55 வெள்ளி.