34,000 ரூபாய்க்கு ஒரு பொய்க் கடிகாரம்: பழைய புரோகிராம் கால்குலேட்டர் வாங்குபவர்கள் கவனத்துக்கு

இரண்டு மாதம் ஆறப்போட்டுவிட்டு எழுதுகிறேன். அன்றைக்கே எழுதியிருந்தால் வெறும் வசையாகத்தான் வந்திருக்கும். எச்பி நிறுவனத்தின் பழைய கால்குலேட்டர்களில், பிறவியிலேயே கடிகாரம் உள்ள 41சிஎக்ஸ் என்று சொல்லி, கடிகாரம் இல்லாத 41சி ஒன்றை என் தலையில் கட்டிவிட்டார்கள். எப்படிக் கட்டினார்கள் என்பதை இங்கே விவரமாகவே சொல்லிவிடுகிறேன்; அதே கை இன்னும் கடை விரித்துக்கொண்டுதான் இருக்கிறது.

கோவையில் நாங்கள் மூன்று பேர், ஞாயிற்றுக்கிழமைகளில் அவரவர் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு கூடுவோம். ஒருவர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி; அவரிடம் எச்பி 200எல்எக்ஸ். 1994இல் வந்த கையடக்கக் கணினி அது. இரண்டு சாதாரண பென்சில் செல்லில் டாஸ் 5.0 இயங்குதளம் ஓடும், லோட்டஸ் 1-2-3 என்ற விரிதாள் மென்பொருள் உள்ளேயே இருக்கும். இன்னொருவரிடம் 1977ஆம் ஆண்டு டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கால்குலேட்டரான டிஐ-59. புரோகிராமைச் சேமித்து வைக்கும் காந்த அட்டையை இழுக்கும் மோட்டார் எப்போதோ களைத்துவிட்டது, அவர் களைக்கவில்லை. என்னிடம் எச்பி 15சி கால்குலேட்டர். சிக்கலெண், அணி, தொகையீடு எல்லாம் செய்யும். ஆனால் 200எல்எக்ஸ்காரர் ஒவ்வொரு வாரமும் ஒரே கேள்வியைத்தான் போடுவார்: "இத்தனையும் செய்கிற உங்கள் பெட்டிக்கு மணி பார்க்கத் தெரியுமா, சார்?"

தெரியாது. அந்தக் கேள்விக்கு வாயடைக்கும் பதில் 41சிஎக்ஸ்தான். 41சி 1979இல் வந்தது. எழுத்துகளையும் காட்டும் திரை, மேல் விளிம்பில் மாட்யூல், அதாவது கூடுதல் வசதி தரும் சிறு பெட்டி, செருக நான்கு துளைகள். 1981இல் முதல் விண்வெளி ஓடப் பயணத்தில் பறந்தவர்கள் அதைத்தான் எடுத்துப் போனார்கள். 1983இல் வந்த சிஎக்ஸில் கடிகாரம், அலாரம், கூடுதல் நினைவகம், சின்னதாக ஒரு உரைத் திருத்தி எல்லாம் பிறவியிலேயே உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அணைக்கட்டுத் தளம் ஒன்றில் ஒரு மூத்த பொறியாளர் டிராவர்ஸ் என்ற நில அளவைக் கணக்கை அதில் முடித்து, பிழையைப் பங்கிட்டு, கூடாரத்தை விட்டு வெளியே வருவதற்குள் நாங்கள் இன்னும் மடக்கை அட்டவணையைப் புரட்டிக்கொண்டிருந்தோம். அன்றிலிருந்து அந்தப் பெட்டியின் மேல் ஒரு கண்.

விற்பனைக்கு என்று படம் வந்தபோது விலை 34,000 ரூபாய். பேச்சில் தேன் ஒழுகும் ஆள். "நான் விற்பவனில்லை சார், என் பெரியப்பா வைத்திருந்தது. நன்றாகப் பார்த்துக்கொள்பவருக்குத்தான் கொடுப்பேன்" என்றார். நான் அப்படியொன்றும் ஏமாளியில்லை, கடிகாரம் ஓடுவதைக் காணொளியாக அனுப்பச் சொன்னேன். கடிகாரம் இருந்தால்தானே சிஎக்ஸ்! பத்து நிமிடத்தில் வந்தது. பச்சைத் துண்டு விரித்த மேசை, திரையில் 10:47, நொடிகள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தன. பெட்டியின் மேல் விளிம்பு மட்டும் படத்துக்கு வெளியே இருந்தது. அது எனக்கு உறுத்தவில்லை. நொடி ஓடுகிறதா என்றுதான் பார்த்தேனே தவிர, எதனால் ஓடுகிறது என்று பார்க்கவில்லை.

சாதாரண 41சிக்கும் கடிகாரம் பொருத்தலாம் என்பது எனக்குத் தெரியாததல்ல. டைம் மாட்யூல் என்று தனியாக ஒன்று, கட்டைவிரல் அகலம்தான். துளையில் செருகினால் 41சியும் சிஎக்ஸ் மாதிரியே மணி காட்டும். படம் பிடித்து முடித்ததும் உருவிக்கொள்ளலாம்.

பணத்தை அந்த விற்பனைத் தளத்தின் வழியாகக் கட்டாமல் நேராக அவர் கணக்குக்கு அனுப்பினேன். "கமிஷன் எதற்கு சார் வீணாக, அதை நான் குறைத்துக்கொள்கிறேன்." 1,500 ரூபாய் குறைந்தது. அந்த 1,500க்காகத்தான் முறையிடும் வழி அத்தனையையும் நானே அடைத்துக்கொண்டேன்.

பெட்டி வெள்ளிக்கிழமை வந்தது. பேட்டரி இல்லை. "வழியில் கசிந்துவிட்டால் பெட்டி பாழாகிவிடும், நீங்களே புதிதாகப் போட்டுக்கொள்ளுங்கள். ஏழு நாள் சோதித்துப் பாருங்கள், பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்புங்கள்" என்று முன்பே சொல்லியிருந்தார். எவ்வளவு அக்கறை என்று நெகிழ்ந்துபோனேன். விஷயம் என்னவென்றால், 41 வரிசைக்கு வேண்டியது 'என்' அளவு செல் நான்கு. டபுள் ஏ அல்ல, டிரிபிள் ஏ அல்ல, இரண்டையும்விடக் குட்டை. கோவையில் ஆறு கடை ஏறி இறங்கினேன். ஒரு கடைக்காரர் சிரித்த முகத்தோடு அதே உருவத்தில் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். ரப்பர் பேண்டைக் கழற்றிப் படித்தால் 12 வோல்ட். கார் ரிமோட்டுக்கும் அழைப்பு மணிக்கும் போடுகிறது. என் பெட்டிக்கு வேண்டியது ஒன்றரை வோல்ட். நான்கையும் போட்டிருந்தால் 6 வோல்ட் போகவேண்டிய இடத்தில் 48 வோல்ட் போயிருக்கும். தயவுசெய்து உருவத்தைப் பார்த்து வாங்காதீர்கள், உறையில் எல்ஆர்1 என்று இருக்கிறதா பாருங்கள். கடைசியில் சென்னை ரிச்சி தெருவிலிருந்து ஒரு தெரிந்த பையன் வாங்கி வந்தான். அன்று பதினோராம் நாள்.

செல்லைப் போட்டு ஆன் பொத்தானை அழுத்தினேன். 'மெமரி லாஸ்ட்', நினைவகம் அழிந்தது என்று வந்தது. அதில் தவறில்லை, பேட்டரி இல்லாமல் கிடந்த பெட்டி அப்படித்தான் சொல்லும். கட்டளையை இயக்கும் எக்ஸ்ஈக்யூ பொத்தான், எழுத்து அடிக்கும் ஆல்ஃபா பொத்தான், பிறகு டி, ஐ, எம், இ என்று நான்கு எழுத்து, மறுபடி ஆல்ஃபா. 'நான்-எக்ஸிஸ்டென்ட்' என்றது திரை. எழுத்தில் பிழை விட்டிருப்பேன் என்று மறுபடி அடித்தேன். மறுபடியும் அதே சொல். அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று, நாற்பது ஆண்டு வயதான ஒரு பெட்டி மட்டும் என்னிடம் உண்மை பேசியது.

புரோகிராம் நிலைக்குப் போய்ப் பார்த்தேன். நினைவகம் துடைக்கப்பட்ட சிஎக்ஸில் அங்கே 219 பதிவேடுகள் (நினைவக அறைகள்) மிச்சம் என்று காட்ட வேண்டும். இதில் 46. அப்போதும் ஒரு நப்பாசை: 41சியைவிட நினைவகம் அதிகமுள்ள 41சிவியிலும் அதே 46தான் காட்டும், குறைந்தது சிவியாவது தேறுமா என்று. தரவுக்கு எத்தனை பதிவேடு என்று ஒதுக்கும் சைஸ் கட்டளையில் 064 கொடுத்தேன். ஏற்க மறுத்தது. ஆசைக்கு அங்கே முற்றுப்புள்ளி. வெறும் 41சி. 63 பதிவேடுகள், ஒவ்வொன்றும் 7 பைட், மொத்தம் 441 பைட். மூன்று எஸ்எம்எஸ் எழுதினால் நிரம்பிவிடும்.

ஆனால் முகப்பில் சிஎக்ஸ் என்று பளிச்சென்று இருக்கிறது! டிஐ-59 நண்பர் திறந்து பார்த்தார். அடியில் உள்ள நான்கு ரப்பர் பாதங்களை நெம்பினால் திருகுகள் தெரியும். பாதங்களுக்குக் கீழே புத்தம்புதிய இருபக்க டேப். அதுவே முதல் சாட்சி. 41 வரிசையில் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு ஈயம் வைத்துப் பற்றவைத்ததல்ல, திருகுகளின் அழுத்தத்தில் விசைப்பலகையோடு ஒட்டிக்கொண்டு நிற்பது. அதனால் ஒன்றின் ஓட்டுக்குள் இன்னொன்றின் போர்டைப் போடுவது பத்து நிமிட வேலை. செத்துப்போன ஒரு சிஎக்ஸின் ஓட்டுக்குள் 41சி போர்டைக் குடிவைத்திருந்தார்கள். திருகு பிடிக்கும் பிளாஸ்டிக் தூண்கள் இந்த வயதில் வெடிப்பது சகஜம், அது மன்னிக்கக்கூடியது. இதில் இரண்டு தூண்களை ஏதோ பசையால் பூசி நிறுத்தியிருந்தார்கள். பேட்டரி அறையின் தகட்டில் பச்சை பூத்திருந்ததைச் சுரண்டிய கீறல் வேறு.

விற்றவரை அழைத்தேன். முதலில், "ஏழு நாள் முடிந்துவிட்டதே சார்." பிறகு, "நீங்கள் திறந்துவிட்டீர்கள், உள்ளே நீங்கள் எதை மாற்றினீர்களோ, எனக்கு எப்படித் தெரியும்?" மூன்றாவது அழைப்புக்கு மணியே அடிக்கவில்லை. 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் புகார் சொன்னேன், பதிவு எண் கொடுத்திருக்கிறார்கள். பணம் போன அன்றே அழைத்திருந்தால் அந்தக் கணக்கை முடக்க வாய்ப்பு அதிகம் என்றார் பேசிய பெண். நானோ பதினோரு நாள் பேட்டரி தேடிக்கொண்டிருந்தேன்.

வாங்கப் போகிறீர்களா? 41 வரிசை என்றால், நான்கு துளைகளும் காலியாகத் தெரியும்படி, வெட்டாத ஒரே காணொளியில், பின்னம்பு பொத்தானைப் பிடித்துக்கொண்டு ஆன் செய்து நினைவகத்தைத் துடைக்கச் சொல்லுங்கள். பிறகு புரோகிராம் நிலை, பிறகு மணி. மறுத்தால் விட்டுவிடுங்கள், பெரியப்பா கதை எவ்வளவு உருக்கமாக இருந்தாலும். காந்த அட்டை வாசிப்பான் சேர்த்துக் கொடுத்தால் மகிழ வேண்டாம். அதன் ரப்பர் உருளை பெரும்பாலும் உருகிப் பிசினாகியிருக்கும். 15சி வாங்குபவர்கள் பேட்டரி மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். 1982இல் வந்த அசலுக்கு மூன்று பொத்தான் செல். 2011, 2023 மறுபதிப்புகளுக்கு இரண்டு சிஆர்2032. மறுபதிப்பை அசல் விலைக்குத் தள்ளுபவர்களும் உண்டு. 200எல்எக்ஸ் என்றால் மூடியை முழுதாகத் திறந்து மூடிக் காட்டட்டும், கீல் விரிசல் அதில்தான் தெரியும்.

போன வாரம் வங்கி நண்பர் கைப்பேசியை நீட்டினார். வேறு பெயரில் புது விளம்பரம், "41சிஎக்ஸ், மாமா வைத்திருந்தது, 31,000 ரூபாய்." அதே பச்சைத் துண்டு. மேல் விளிம்பு படத்தில் இல்லை. மணி 10:47.